வில்லியம் மாரிஸ்: கைகளால் சிந்தித்த கவிஞர்

நம் விடுதியில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் தொடக்கத்தில் வேற்றுமையே இல்லை. ஒரே அளவான கட்டில், ஒரே அச்சான மேசை, ஒரே நிறச் சுவர். ஆயினும் படிப்புத் தொடங்கி மூன்று திங்கள் ஆவதற்குள் ஒவ்வொருவரும் தம் அறையைத் தமதாக்கிக் கொண்டுவிடுகிறோம். ஒருவர் தாயாரின் பழைய புடைவைக் கரையைத் தைத்துச் சாளரத்திற்குத் திரையிடுகிறார். ஒருவர் குறிப்பேடுகளுக்குத் தாமே அட்டை கட்டி, தம் கையெழுத்தால் பெயர் எழுதுகிறார். ஒருவர் உடைந்த பெட்டிப் பலகையை இழைத்துப் புத்தகத் தட்டாக்குகிறார். கடையில் இவற்றைவிட நேர்த்தியான பொருள்கள் கிடைக்கின்றன, விலையும் பெரிதன்று. அப்படியிருந்தும் அந்தக் கோணல் தட்டைக் காட்டும்போதுதான் நண்பரின் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சிக்குக் காரணம் என்ன? உலகில் வேறு யாரிடமும் இல்லாத பொருள் தம்மிடம் இருக்கிறது என்னும் பெருமையா? அன்றி, அதைத் தாமே செய்தோம் என்னும் நிறைவா?

இவ்விரண்டும் ஒன்றல்ல. இவற்றின் வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டு அறிந்த ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையை எழுதுகிறேன். அவர் வில்லியம் மாரிஸ். ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் அவரைக் கவிஞராக அறிவார்கள். பொருளியல் பயில்வோர் சமதர்மவாதியாக அறிவார்கள். வேதியியல் பயிலும் என்னை அவரிடம் இழுத்துச் சென்றது அவருடைய சாயத்தொட்டி.

இளமையும் கல்லூரியும்

மாரிஸ் 1834ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள் இலண்டனுக்கு அண்மையில் உள்ள வால்தம்ஸ்டோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இலண்டன் நகரில் உண்டியல் தரகு செய்தவர். டெவன் மாவட்டத்தில் 1844ஆம் ஆண்டில் தோன்றிய செம்புச் சுரங்கம் ஒன்றில் அவர் பங்கு வாங்கியிருந்தார். ஒரு பவுன் விலையுள்ள பங்கு குறுகிய காலத்தில் 800 பவுனாக ஏறிற்று. 1847இல் தந்தையார் காலமானார். ஆனால் சுரங்கத்தின் செல்வம் குடும்பத்தைக் காத்தது. மாரிசுக்கு 21 வயது நிறைந்தபோது ஆண்டுக்கு 900 பவுன் வருவாய் தாமாகவே வந்து சேர்ந்தது. உழைத்தே உண்ண வேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கு இல்லை. உழைப்பைப் போற்றிய அம்மனிதரின் வாழ்க்கை இத்தகைய செல்வத்தில் தொடங்கிற்று என்பதை நாம் மறக்கலாகாது. அந்தச் சுரங்கம் பின்னும் ஒருமுறை இக்கதையில் வரும்.

1853இல் அவர் ஆக்ஸ்போர்டில் எக்செட்டர் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ், பர்மிங்காமில் படச்சட்டம் செய்தவரின் மகன். இருவரும் சமயகுருமாராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள். ஆனால் ரஸ்கின் எழுதிய 'வெனிசின் கற்கள்' என்னும் நூல் அவர்கள் உள்ளத்தை மாற்றிவிட்டது. பழைய கோயில்களைக் கட்டிய சிற்பி தன் மனம்போல் செதுக்கும் உரிமை பெற்றிருந்தான். அதனால்தான் அவன் செதுக்கிய கல்லில் குறை இருந்தாலும் உயிர் இருக்கிறது. புதிய தொழிற்சாலையில் மனிதன் கருவியாகிவிட்டான். இதுவே ரஸ்கினின் கருத்து. 1855ஆம் ஆண்டுக் கோடையில் நண்பர்கள் இருவரும் பிரான்சின் வடபகுதிக் கோயில்களைக் கண்டு வந்தார்கள். பயணத்தின் முடிவில், ஹாவ்ர் துறைமுகக் கரையில் உலவியபடியே, ஒருவர் ஓவியராவது, மற்றவர் கட்டடக்கலைஞராவது என்று முடிவு செய்தார்கள்.

நம் போன்ற மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. 1856இல் மாரிசும் நண்பர்களும் மாத இதழ் ஒன்று தொடங்கினார்கள். பன்னிரண்டு இதழ்கள் வெளிவந்தன. செலவு முழுவதும் மாரிசின் பணம். ஆசிரியர் பொறுப்பை விரைவிலேயே நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவருக்கு ஊதியமும் கொடுத்தார். நம் இதழாசிரியர் இதனைப் படித்துப் பெருமூச்சு விட்டால் அதற்கு நான் பொறுப்பல்லேன்.

தமக்கென்று செய்தவை

கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் மாரிஸ் சில திங்களே பணிபுரிந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பெரும் பேறு பிலிப் வெப் என்னும் நண்பர். பின்னர் ஓவியர் ரோசெட்டியின் தூண்டுதலால் ஓவியத்தில் இறங்கினார். 1857இல் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தின் சுவர்களில் நண்பர்கள் கூடி ஓவியம் தீட்டினார்கள். ஈரம் உலராத சுவரில், தக்க அடித்தளம் இல்லாமல் தீட்டியதால் வண்ணங்கள் விரைவிலேயே மங்கின. பொருளின் இயல்பை அறியாமல் அழகு செய்ய முடியாது என்பதற்கு அந்தச் சுவர் சான்றாக நின்றது.

அக்காலத்தில் இலண்டனில் ரெட் லயன் சதுக்கத்தில் பர்ன்-ஜோன்சும் மாரிசும் அறை எடுத்துத் தங்கினார்கள். கடைகளில் விற்ற நாற்காலி, மேசைகள் மாரிசுக்குப் பிடிக்கவில்லை. தாமே வரைந்து தச்சரிடம் கொடுத்துச் செய்வித்தார். வந்து சேர்ந்த பொருள்கள் கோட்டை வாயிலுக்கு ஏற்றவை போலப் பெருத்திருந்தன. மாடிப்படியும் வழியும் மரத்தால் அடைபட்டுப் போயின. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. பின்னலூசி வேலைக்கு ஒரு சட்டம் செய்வித்து, நூலுக்குத் தனியே சாயம் ஏற்றச் செய்து, தாமே தைக்கக் கற்றார்.

1859ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜேன் பர்டன் என்னும் பெண்ணை மணந்தார். ஜேன், ஆக்ஸ்போர்டில் குதிரைக் கொட்டிலில் பணிபுரிந்தவரின் மகள். புதுமணத் தம்பதிகளுக்காக வெப், கென்ட் மாவட்டத்துப் பெக்ஸ்லிஹீத்தில் ஒரு வீடு கட்டினார். செங்கல்லை மேற்பூச்சால் மறைக்காமல் விட்டதால் அதற்குச் 'செந்நிற இல்லம்' என்று பெயர். 1860இல் குடிபுகுந்தார்கள். மீண்டும் அதே தொல்லை. அவ்வீட்டில் வைக்கத் தகுந்த மேசையோ விளக்குத் தண்டோ கண்ணாடிக் குவளையோ கடைத்தெருவில் அகப்படவில்லை. வெப் அவற்றை வரைந்து கொடுத்தார். பர்ன்-ஜோன்ஸ் சுவரில் ஓவியம் தீட்டினார். ஜேன் இலண்டன் கடையொன்றில் நீலநிற முரட்டுத் துணியைக் கண்டெடுத்தார்; மாரிஸ் அதில் பூச்செடிகளை வரைய, இருவரும் கம்பளி நூலால் தைத்துச் சுவருக்குத் திரையாக்கினார்கள். பழைய பின்னல் வேலைகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே அக்கலையைக் கற்றார்கள். வார இறுதியில் வரும் விருந்தினர் எவரும் தூரிகை பிடிக்காமல் திரும்பியதில்லை.

அந்த வீட்டில் விளைந்த மகிழ்ச்சியே ஒரு வாணிக நிலையமாயிற்று. 1861ஆம் ஆண்டு ஏப்ரலில் மாரிஸ், பர்ன்-ஜோன்ஸ், ரோசெட்டி, வெப் உள்ளிட்ட எழுவர் சேர்ந்து அழகுப் பொருள் செய்யும் கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பவுன் போட்டார்கள். மாரிசின் தாயார் 100 பவுன் கடன் தந்தார். வண்ணக் கண்ணாடிச் சாளரம், மரப்பொருள், ஓடு, பின்னல் வேலை, சுவர்த்தாள் எல்லாம் அங்கே உருவாயின. செந்நிற இல்லத்துத் தோட்டத்தில் ரோசாக் கொடி படர்ந்த பந்தலைப் பார்த்து 1862இல் மாரிஸ் ஒரு சுவர்த்தாள் வரைந்தார். அதில் பறவைகளை மட்டும் வெப் வரைந்தார். தம் கைக்கு எது வரும், நண்பர் கைக்கு எது வரும் என்பதை அறிந்து வேலையைப் பங்கிட்டுக்கொண்ட அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நீலக் கைகள்

1868 முதல் 1870 வரை வெளிவந்த 'மண்ணுலகத் துறக்கம்' என்னும் நெடும் கவிதை நூல் மாரிசுக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. புகழ் வந்த அதே காலத்தில் இல்லறத்தில் துயரமும் வந்தது. ஜேனின் உள்ளம் ரோசெட்டியை நாடிற்று. மாரிஸ் இதனைப் பேசித் திரியவில்லை. 1871இலும் 1873இலும் ஐஸ்லாந்து நாட்டின் பாழ்வெளிகளில் பயணம் செய்தார். 1875இல் கூட்டு நிறுவனத்தைக் கலைத்துத் தம் பெயரில் தனி நிறுவனமாக்கினார். அதன்பின் அவர் மூழ்கியது சாயத்தொட்டியில்.

சாயத்தில் அவ்வளவு கவலை ஏன்? 1856இல் பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். வேதியியல் வரலாற்றில் அது பொன்னாள். நாங்கள் வகுப்பில் அதனைப் போற்றிப் படிக்கிறோம். ஆனால் அதனைத் தொடர்ந்து சந்தையில் பெருகிய புதுச் சாயங்கள் பல கண்ணைப் பறித்தன. வெயில் பட்டதும் அருவருப்பாக வெளுத்தன. மாரிஸ் விரும்பியதோ, வெளுத்தாலும் அழகாக வெளுக்கும் நிறம். அதற்குப் பழைய செடிச் சாயங்களே ஏற்றவை. அவற்றின் பக்குவம் அறிந்தவர்கள் அருகி வந்தார்கள். ஆகவே 1875 முதல் ஸ்டாஃபோர்டு மாவட்டத்து லீக் நகரில், சாயத்தொழிலில் தேர்ந்த தாமஸ் வார்டில் என்பவரின் சாயச்சாலைக்கு அடிக்கடி சென்று தங்கினார். நம் நாட்டுத் தசர்ப் பட்டுக்குச் சாயமேற்றும் வழி கண்டவர் இந்த வார்டில். மாரிஸ் பழைய மூலிகை நூல்களைப் படித்தார். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், பழுப்புக்கு வாதுமை இனத்துக் கொட்டையின் தோல், நீலத்திற்கு அவுரி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

இவற்றுள் அவுரி மிகவும் பிடிவாதமானது. அதன் நீலம் நீரில் கரையாது. தொட்டியில் அதனை நொதிக்கவிட்டு உயிர்வளியை நீக்கினால்தான் கரையும் நிலைக்கு வரும். அப்போது நீலமே இராது. தொட்டி நீர் மஞ்சளும் பச்சையுமாகத் தோன்றும். நூலை அதில் அமிழ்த்தி வெளியே எடுத்தால், காற்றுப் பட்டவுடன் பச்சை மாறி நீலமாகிறது. தொட்டியின் சூடும் நொதிப்பும் சிறிது தவறினாலும் எல்லாம் வீண். இதனை ஆய்வுக்கூடத்தில் சிறு குடுவையில் நான் செய்து பார்த்திருக்கிறேன். காற்றில் அந்த நூல் நிறம் மாறும் நொடியைக் கண்டவர், செல்வரான ஒரு கவிஞர் மரக்காலணி அணிந்து முழங்கை வரை தொட்டியில் கைவிட்டு நின்றதற்காக வியக்கமாட்டார். கழுவினாலும் போகாத நீலக் கைகளோடு அவர் இலண்டன் தெருக்களில் நடந்தார்.

1879இல் இலண்டன் ஹாமர்ஸ்மித்தில் தம் படுக்கையறையிலேயே ஒரு தறியை நிறுத்தினார். சித்திரத்திரை நெய்யும் கலையைக் கற்றுத் தர இங்கிலாந்தில் தக்க ஆசிரியர் இல்லை. பழைய பிரெஞ்சு நூல் ஒன்றை வைத்துக்கொண்டு தாமே கற்றார். விடியுமுன் எழுந்து நெய்து, எத்தனை மணி நேரம் நெய்தோம் என்று நாட்குறிப்பில் எழுதினார். இலையும் திராட்சைக் கொடியும் பின்னிய அந்த முதல் திரைக்கு ஏறத்தாழ நான்கு திங்களில் 516 மணி நேரம் ஆயிற்று. அதை அவர் விற்பனைக்காகச் செய்யவில்லை. நெசவாளிக்கு எது கடினம், எது எளிது என்று தம் விரல்களால் அறிந்த பின்னரே பிறரை நெய்யச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

1881இல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபி என்னும் இடத்தில் தொழிற்சாலை அமைத்தார். அங்கே 1883இல் உருவான 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்னும் அச்சுத்துணியைப் பலர் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். கெல்ம்ஸ்காட் சிற்றூரில் அவருடைய தோட்டத்துப் பழங்களைக் கொத்திச் செல்லும் பறவைகளே அதில் இருக்கின்றன. முதலில் துணி முழுவதையும் அவுரியில் நீலமாக்க வேண்டும். பிறகு நிறம் வேண்டாத இடங்களில் வெளுக்கும் மருந்தை மரக்கட்டையால் ஒற்ற வேண்டும். அலசிய பின் சிவப்பையும் மஞ்சளையும் தனித்தனியே அச்சிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே நாள்கள் கழியும். இரு துணிகளில் பறவை ஒன்றே. ஆயினும் கையின் அழுத்தமும் தொட்டியின் மனநிலையும் மாறுவதால் இரண்டும் ஒன்றாகிவிடுவதில்லை. ஒரு பொருள் தனித்தன்மை பெறுவதற்கு அது உலகில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்தவரின் கவனம் அதில் தங்கியிருந்தால் போதும் என்று இதனால் உணர்கிறேன்.

பச்சையின் நஞ்சு

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். மாரிஸ் குடும்பத்திற்குச் செல்வம் தந்த சுரங்கம் செம்பை மட்டும் தரவில்லை. பிற்காலத்தில் அது ஆர்செனிக் நஞ்சைப் பெருமளவில் எடுத்து விற்றது. அக்காலத்துப் பச்சைச் சாயங்கள் பலவற்றில் ஆர்செனிக் கலந்திருந்தது. மாரிசின் தொடக்ககாலச் சுவர்த்தாளில் இருந்த பச்சையிலும் அந்நஞ்சு உண்டு என்பது 2003ஆம் ஆண்டில் செய்த ஆய்வால் உறுதியாயிற்று. 1871 முதல் 1875 வரை அவர் அச்சுரங்க நிறுவனத்தின் இயக்குநருள் ஒருவர். பதவியை விட்ட நாளில், கூட்டங்களுக்கு அணிந்து சென்ற உயர்ந்த தொப்பியின்மேல் வேண்டுமென்றே அமர்ந்து அதை நசுக்கினார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர் கூறுகிறார். கேட்கச் சுவையான கதைதான். ஆனால் சுவர்த்தாளின் நஞ்சைப் பற்றிப் பொதுமக்கள் அஞ்சியபோது அவர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. தொட்டியில் தம் கைகளை நனைத்த அவர், சுரங்கத்தில் நஞ்சைச் சுரண்டிய கைகளை அன்று நினைக்கவில்லை. பெரியோர் வாழ்வைப் படிக்கும்போது இதனை மறைப்பது நமக்கு நன்மை செய்யாது.

யாருக்காக அழகு?

அவர் நினைக்கத் தொடங்கியபோது முழுமையாக நினைத்தார். அவருடைய பொருள்கள் சிறந்தவை. ஆகவே விலை மிகுந்தவை. ஆகவே செல்வர் வீடுகளுக்கே சென்றன. இரும்பு ஆலை முதலாளியான சர் லோதியன் பெல்லின் மாளிகையை அழகு செய்யும் பணியில் இருந்தபோது, மாரிஸ் ஏதோ முணுமுணுத்தபடி உலவுவதைக் கண்ட முதலாளி காரணம் கேட்டாராம். செல்வர்களின் பன்றித்தனமான ஆடம்பரத்திற்குத் தொண்டு செய்வதிலேயே தம் வாழ்வு கழிகிறது என்று மாரிஸ் சீறினாராம். வேறு யாரிடமும் இல்லாத பொருள் வேண்டும் என்று விரும்பி வந்தவர்களுக்கு, எல்லாரிடமும் இருக்க வேண்டும் என்று விரும்பியவர் பொருள் செய்து கொடுத்தார். இதுவே அவர் வாழ்வின் முரண்பாடு.

1877 முதல் அவர் மேடையேறிப் பேசத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே பழைய கட்டடங்களைச் சிதையாமல் காக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். அது இன்றும் பணிபுரிகிறது. 1879இல் பர்மிங்காமில் பேசியபோது நம் நாட்டைப் பற்றியும் குறிப்பிட்டார். ஆங்கில ஆட்சியும் வாணிகமும் இந்தியக் கைத்தொழில்களை அழித்து வருவதையும், சிறைச்சாலைகளில் மலிவாகக் கம்பளம் நெய்வித்து அரசினரே அக்கலையைக் கெடுப்பதையும் கண்டித்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அந்நாளில் இவ்வாறு பேசியதை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

மாரிஸ் இயந்திரத்தை வெறுத்தவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மை அன்று. மனிதனை வருத்தும் வேலையை இயந்திரம் செய்வதை அவர் மறுக்கவில்லை. தம் கம்பளங்களுள் சிலவற்றை இயந்திரத்தறியில் நெய்வதற்கும் அவர் வரைந்து கொடுத்தார். மனிதன் இயந்திரத்தின் உறுப்பாவதையே அவர் எதிர்த்தார். வேலையில் இன்பம் இல்லாதவன் செய்த பொருளில் அழகு இராது. இன்பத்தோடு வேலை செய்வதற்கு ஓய்வும், போதிய கூலியும், அச்சமற்ற வாழ்வும் வேண்டும். இந்தச் சிந்தனையே அவரைச் சமதர்மத்தில் கொண்டு சேர்த்தது.

1883இல் அவர் சனநாயகக் கூட்டமைப்பில் சேர்ந்தார். 1884 இறுதியில் பிரிந்து சமதர்ம லீகை நிறுவியவருள் ஒருவரானார். தாம் தேடிச் சேர்த்த அரிய நூல்களில் பெரும்பகுதியை விற்று இயக்கத்திற்குப் பணம் தந்தார். தெருமுனைகளில் பேசினார். 1885இல் வழக்குமன்றத்தில் கூச்சலிட்டார் என்று சிறிது நேரம் கைது செய்யப்பட்டார்.

ஆயினும் அவரும் முதலாளிதானே என்று கேட்டார்கள். அவர் அதனை மழுப்பவில்லை; கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்டு வருவாய் ஏறத்தாழ 1,800 பவுன். தாம் 200 பவுன் மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 1,600 பவுனை 100 தொழிலாளருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 16 பவுன் கிடைக்கும். அவர்கள் வாழ்வில் சிறிது ஏற்றம் உண்டாகும். ஆனால் அவர்கள் கூலியாட்களாகவே இருப்பார்கள். நாட்டில் உள்ள மற்றத் தொழிலாளரின் நிலை அணுவளவும் மாறாது. ஆகவே தனி நிறுவனத்தைத் திருத்துவதைவிடச் சமுதாய அமைப்பை மாற்றுவதே கடமை என்று அவர் கருதினார். இந்த விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. அந்த 16 பவுன் ஒரு தொழிலாளியின் குழந்தைகளுக்குப் பெரிதாக இருந்திருக்கும். ஆனால் கணக்கைத் தாமே எழுதித் தம் முன்னே வைத்துக்கொண்ட நேர்மையை மதிக்கிறேன்.

இறுதி நூல்

வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவர் கற்ற தொழில் அச்சு. 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். 15ஆம் நூற்றாண்டில் வெனிசில் ஜென்சன் என்பவர் அச்சிட்ட நூல்களின் எழுத்துகளைப் படமெடுத்துப் பெரிதாக்கினார். அவற்றின் வடிவம் கைக்குப் பழகும் வரை மேலே வைத்து வரைந்து, பிறகு அவற்றை ஒதுக்கிவிட்டுத் தம் சொந்த எழுத்தை வரைந்தார். முன்னோரைக் கற்பதும் அவர்களை நகல் எடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கென்ட் மாவட்டத்தில் கையால் செய்த தாள், ஜெர்மனியிலிருந்து வந்த மை, கையால் இயக்கும் அச்சுப்பொறி. பெரும்புலவர் சாசரின் படைப்புகள் அடங்கிய பெருநூலுக்குப் பர்ன்-ஜோன்ஸ் 87 சித்திரங்கள் வரைந்தார். கல்லூரி நாளில் சாசரைச் சேர்ந்து படித்த இருவரும், முதுமையில் அந்நூலைச் சேர்ந்தே செய்தார்கள். தாளில் 425 படிகள், தோலில் 13 படிகள். தாட்படியின் விலை 20 பவுன். சாதாரணத் தொழிலாளி பல திங்கள் கூலியைச் சேர்த்தாலன்றி அதனை வாங்க இயலாது. பழைய முரண்பாடு கடைசி நூல் வரை அவரை விடவில்லை.

1896ஆம் ஆண்டு சூன் திங்களில் முடிந்த படி அவர் கைக்கு வந்தது. அப்போதே நோயால் நலிந்திருந்தார். அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், 62ஆம் வயதில் மறைந்தார். பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்ததுதான் நோய் என்று மருத்துவர் ஒருவர் கருதினார். கெல்ம்ஸ்காட் சிற்றூரில், மழை பெய்துகொண்டிருந்த நாளில், இலை தழைகளால் அணிசெய்த உழவர் வண்டியில் அவருடைய பேழையை எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கல்லை வரைந்தவர் பிலிப் வெப்.

அச்சுப்பொறி சென்ற இடம்

நூல் முடிந்த பின் அந்தச் சாசர் அச்சுப்பொறி என்ன ஆயிற்று? தமிழ் மாணவர்களாகிய நாம் இதனைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மாரிசின் வழி வந்த ஆஷ்பி என்னும் கைவினையாளரிடம் அது சென்றது. அவரிடமிருந்து அதனைப் பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்றவர் ஆனந்த குமாரசாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர். தமிழரான சர் முத்துக்குமாரசாமியின் மகன். நில இயல் வல்லுநராக இலங்கையின் ஊர்களில் கனிவளம் தேடி அலைந்தவர், அழிந்து வரும் கைத்தொழில்களைக் கண்டு மனம் வருந்தினார். தச்சர், கருமார், நெசவாளர், குயவர் ஆகியோரின் கருவிகளையும் முறைகளையும் வாழ்வையும் எழுதினார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அப்பெருநூல், இங்கிலாந்தில் பிராடு காம்ப்டன் என்னும் ஊரில், சாசர் நூலை அச்சிட்ட அதே பொறியில் கையால் அச்சாயிற்று. 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 திசம்பரில் முடிந்தது. படிகள் 425, மாரிசின் தாட்படிகளின் அதே எண்ணிக்கை.

இலண்டன் செல்வர்களின் நூலகத்திற்கென இயங்கிய பொறி, பெயர் தெரியாத இலங்கைக் கம்மியரின் நினைவைக் காக்க இயங்கிற்று. மாரிசின் முரண்பாட்டிற்கு இது முழு விடை ஆகாது. ஆனால் அவர் விட்ட இடத்திலிருந்து ஒருவர் வேலையைத் தொடர்ந்தார், அவர் நம்மவர்.

இன்று மாரிசின் பறவைகளும் பூக்களும் தேநீர்க் குவளையிலும் கைப்பையிலும் இயந்திரத்தால் அச்சாகி உலகெங்கும் விற்கின்றன. ஏழையும் வாங்கலாம் என்பதில் அவர் ஒருவேளை மகிழ்ந்திருப்பார். அதனை அச்சிடும் தொழிலாளிக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை, அவன் மனத்தில் மகிழ்ச்சி உண்டா என்று கட்டாயம் கேட்டிருப்பார்.

ஆகவே நண்பர்களே, கைவினைப் பொருளைக் காணும்போது அது எவ்வளவு அரியது என்று மட்டும் கேட்பது போதாது என்பது என் கருத்து. நம்மிடம் மட்டும் இருக்கிறது என்னும் பெருமை, அடுத்தவரிடம் அதே பொருளைக் கண்ட நொடியில் செத்துவிடும். செய்தவரின் மகிழ்ச்சி அப்படிச் சாவதில்லை. பொருள் உள்ளளவும் அதில் தங்கி, பார்ப்பவர் எல்லாருக்கும் பங்கு தருகிறது. நாம் வாங்கும் சேலையிலும் பாயிலும் பானையிலும் அந்த மகிழ்ச்சி இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அதற்கு நெசவாளியின் விரல் காரணமா, நாம் பேரம் பேசிய விலை காரணமா என்று எண்ணிப் பார்ப்போம். நம்மால் இயன்றவரை, நம் கையாலும் ஏதேனும் ஒன்றைச் செய்யக் கற்போம்.